மாதச் சம்பளக்காரருக்கும் ஓவர்டைம் உண்டு: அல்சூரில் ஒரு சம்பளக் கணக்கு ஆலோசகர்

பெங்களூரில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு, ராத்திரி ஒன்பது பத்து மணி வரை லேப்டாப்பை மூட முடியாமல் உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அல்சூரில் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், மருந்துக்கடைக்கு மேலே முதல் மாடியில், சம்பளக் கணக்கும் தொழிலாளர் சட்ட ஆலோசனையும் சொல்கிற சின்ன அலுவலகம் ஒன்று இருக்கிறது. நடத்துகிறவர் வேலூர்க்காரர், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் ரொம்ப வருஷம் சம்பளப் பிரிவைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர். பெயரையும் போன் நம்பரையும் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், இப்போதே சனிக்கிழமைக் கூட்டம் அவருக்குத் தாங்கவில்லை. கோயில் பக்கம் போய்த் தமிழில் யாரிடம் கேட்டாலும் கை காட்டுவார்கள். ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் தருகிறேன், அரை ஏன் குறைந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் நான் எதற்குப் போனேன் என்பது. ஒரு சரக்குப் போக்குவரத்து கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், அலுவலகம் பெல்லந்தூர் பக்கம். கம்பெனி பெயர் இங்கே தேவையில்லை, இது எங்கள் கம்பெனியில் மட்டும் நடக்கிற விஷயமும் கிடையாது. ஆஃபர் லெட்டரில் என் பதவி 'டீம் லீட்'. மாதக் கடைசி வந்தால் கணக்கு முடிக்கிற வேலை, காலாண்டு முடிவென்றால் சனிக்கிழமையும் சேர்த்து. ஓவர்டைம் பற்றி எச்ஆரில் கேட்டால், "நீங்கள் சேலரீட், அதிலும் லீட், உங்களுக்கு ஓவர்டைம் பொருந்தாது" என்று இரண்டே வரியில் பதில் வரும். எங்கள் குழுவில் எல்லோருக்கும் இதே பதில்தான், வருஷக்கணக்காக.

அந்த ஆலோசகர் என் ஆஃபர் லெட்டரை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையின் ஓரத்தில் கவிழ்த்து வைத்தார். "தம்பி, இதுல உங்க பேருக்குக் கீழ என்ன போட்டிருக்குங்கறது எனக்கு வேண்டாம். காலைல போய் உட்கார்ந்ததும் என்ன செய்றீங்க, அதைச் சொல்லுங்க" என்றார். நான் சொல்லச் சொல்ல ஒரு கோடு போட்ட தாளில் எழுதிக்கொண்டே வந்தார். இன்வாய்ஸ் சரிபார்ப்பது, வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது, புதிதாக வந்தவர்களின் சந்தேகங்களைத் தீர்ப்பது, தினமும் சாயங்காலம் ஒரு ரிப்போர்ட் அனுப்புவது. அப்புறம் அவர் பங்குக்குக் கேள்விகள். யாருக்காவது லீவு கொடுக்கிற அதிகாரம் உங்களிடம் இருக்கிறதா, சம்பள உயர்வில் உங்கள் கையெழுத்து எடுபடுமா, ஆளை எடுக்கவோ அனுப்பவோ முடியுமா, கம்பெனி பணத்தை எவ்வளவு வரை நீங்களாகச் செலவழிக்கலாம். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். "அப்ப நீங்க நிர்வாகப் பதவியில இல்ல" என்று தாளின் அடியில் ஒரு கோடு இழுத்தார்.

விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. கர்நாடகத்தில் அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் பொருந்துவது 1961ஆம் வருஷத்து கர்நாடக கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம். அதில் நிர்வாகப் பதவியில் இருக்கிறவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு ஓவர்டைம் கிடையாது என்று எங்கும் இல்லை, இத்தனை ரூபாய்க்கு மேல் சம்பளம் என்றால் கிடையாது என்றும் இல்லை. பெயர்ப்பலகையைப் பார்க்காமல், ஒருவர் முக்கியமாகச் செய்கிற வேலை எது என்பதைப் பார்க்க வேண்டும் என்பது நீதிமன்றங்கள் தொழிலாளி யார் என்று தீர்மானிக்கிற வழக்குகளில் திரும்பத் திரும்பச் சொன்னது. 1985இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பான சிபா கெய்கி வழக்கை அவர் உதாரணமாகச் சொன்னார், கொஞ்சம் மேற்பார்வை வேலையும் செய்த ஒரு ஊழியரின் பிரதான வேலை என்ன என்ற கேள்விதான் அங்கேயும். அந்த வழக்கு வேறு சட்டத்தின் கீழ் வந்தது, ஆனால் பார்க்கிற முறை இதற்கும் உதவும் என்று தெளிவாகப் பிரித்தே சொன்னார். இந்த நேர்மை எனக்குப் பிடித்தது. எதை அடித்துச் சொல்லலாம், எதை வாதமாக மட்டும் வைக்கலாம் என்பதை ஒவ்வொரு இடத்திலும் பிரித்துக் காட்டுகிறார்.

என்னோடு வந்த சக ஊழியர் ஒருவரிடம் அதே கேள்விகளைக் கேட்டார். அவர் உண்மையிலேயே மேனேஜர், லீவு அவர் கையில், அப்ரைசல் அவர் எழுதுவது, இன்டர்வியூவில் கடைசி முடிவு அவருடையது. "உங்களுக்கு இந்தச் சட்டத்துல கிடைக்காதும்மா, வீணா என்கிட்ட காசு கொடுக்காதீங்க" என்று சொல்லி, முதல் பேச்சுக்கான கட்டணத்தோடு அனுப்பிவிட்டார். கணக்குப் போட்டுக் கொடுத்து இன்னும் 1,500 ரூபாய் வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை.

'சேலரீட் என்றால் ஓவர்டைம் இல்லை' என்கிற பேச்சு எங்கிருந்து இங்கே வந்தது என்பதற்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் ஊழியர் கையேட்டை அப்படியே எடுத்து, 'எக்ஸம்ப்ட்' (ஓவர்டைமில் இருந்து விலக்கு) என்ற வார்த்தையோடு இங்கே ஆஃபர் லெட்டரில் ஒட்டுகிறார்கள், அப்படிப்பட்ட கடிதங்கள் நிறைய அவர் கைக்கு வருகின்றன. அந்த நாட்டுச் சட்டத்திலேயே அது அவ்வளவு எளிதில்லை. 1938ஆம் வருஷத்து அமெரிக்க நியாய உழைப்புச் சட்டத்தில், வாரம் 40 மணிக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு. விலக்கு வேண்டும் என்றால் பொதுவாக நிரந்தரச் சம்பளம் வாரத்துக்கு 684 டாலராவது இருக்க வேண்டும், அதற்கு மேல் செய்கிற வேலையும் நிர்வாக, அலுவல் நிர்வாக அல்லது தொழில்முறை வேலையாக இருக்க வேண்டும். அந்த வரம்பை உயர்த்த 2024இல் அரசு கொண்டுவந்த விதியை அதே வருஷம் நவம்பரில் டெக்சாஸ் நீதிமன்றம் ரத்து செய்ததால்தான் 684 நிற்கிறது. ஆக அங்கேயும் மாதச் சம்பளம் வாங்குகிற ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு ஓவர்டைம் இல்லை என்று ஆகிவிடாது. அந்தச் சட்டம் பெல்லந்தூரில் செல்லாது என்பது வேறு விஷயம். இங்கே விகிதம் இரட்டிப்பு.

சரி, கணக்குக்கு வருகிறேன். இவரிடம் போக வேண்டிய முக்கியமான காரணமே இதுதான். தகுதி இருக்கிறது என்று எச்ஆர் ஒத்துக்கொண்டாலும், எதை வைத்து, எந்த எண்ணால் வகுத்து, எத்தனை மணிக்கு என்கிற மூன்று இடங்களில் தொகை கரைந்துவிடும்.

மணி எப்படி எண்ணுவது என்பதை என் கார்டு ஸ்வைப் பதிவில் இருந்து ஒரு வாரத்தை எடுத்துக் காட்டினார். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9.30க்கு உள்ளே, ராத்திரி 9க்கு வெளியே, அதாவது பதினொன்றரை மணி. சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரத்தைக் கழித்தால் பத்தரை. இந்த இடைவேளையைக் கழிக்காமல் கணக்குக் கொடுத்தால் எச்ஆரில் அந்த ஒரு தவறைப் பிடித்து மொத்தக் கோரிக்கையையும் தள்ளிவிடுகிறார்கள் என்பதால் அவர் இதில் ரொம்பக் கறார். கர்நாடகச் சட்டத்தில் சாதாரண வேலை நேரம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி. ஆக நாளுக்கு ஒன்றரை மணி மேலே, ஐந்து நாளுக்கு ஏழரை. இனி சனிக்கிழமை ஆறு மணி நேரம். ஐந்து நாளில் சாதாரண நேரமாக எண்ணியது 45, அதோடு இந்த 6 சேர்ந்தால் 51, வாரக் கணக்கான 48க்கு மேலே 3. ஏழரையும் மூன்றும் பத்தரை. வாரத்தின் மொத்த நேரம் 58.5, அதிலிருந்து 48ஐக் கழித்தாலும் அதே பத்தரை வருகிறது. இரண்டு வழியிலும் போட்டு ஒத்துப்பார்ப்பது அவர் பழக்கம், ஒரே மணி நேரத்தை நாள் கணக்கிலும் வாரக் கணக்கிலும் இரண்டு தடவை சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக.

இதில் நிறையப் பேர் கவனிக்காத ஒன்று. உங்கள் ஒப்பந்தத்தில் நாளுக்கு 8 மணி என்றிருந்து நீங்கள் எட்டே முக்கால் வேலை பார்த்தால், அந்த முக்கால் மணிக்கு இந்தச் சட்டப்படி இரட்டிப்பு கேட்க முடியாது, 9ஐத் தாண்ட வேண்டும் அல்லது வாரம் 48ஐத் தாண்ட வேண்டும். கம்பெனியின் பாலிசியில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அது தனி. கோபத்தோடு போகிறவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் ஏமாற்றம் வரும், ஆனால் வெளியே போய் எச்ஆர் முன்னால் ஏமாறுவதை விட இவர் மேசையில் தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்தது ரூபாய். புரிவதற்காக என் சம்பளத்துக்குக் கிட்டத்தில் ஒரு முழு எண்ணை வைத்துக்கொள்வோம். பேசிக் 20,800, எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) 8,320, ஸ்பெஷல் அலவன்ஸ் 12,480, ஆக மாதம் 41,600. எங்கள் எச்ஆர் ஒரு தடவை வாய்வழியாகச் சொன்ன கணக்கு இப்படி: பேசிக் மட்டும், 30 நாள் பெருக்கல் 8 மணி என்று 240ஆல் வகுத்தால் மணிக்கு 86 ரூபாய் 67 பைசா, அதுவும் ஒற்றையாக. அதே ஆளுக்கு இவர் போடுகிற கணக்கு: கடைகள் சட்டத்தில் ஓவர்டைமுக்கான சாதாரண ஊதியம் என்பது பேசிக்கோடு அலவன்ஸ்களும் சேர்ந்தது, போனஸ் சேராது. எனவே 41,600. மாதத்தில் வேலை நாள் 26, நாளுக்கு 8, ஆக 208ஆல் வகுத்தால் மணிக்கு 200. இரட்டிப்பு 400. ஒரே மணி நேர உழைப்பு, ஒரு தாளில் 86.67, இன்னொன்றில் 400. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி என் முன்னால் தள்ளினார். நான் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

26 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது. வாராந்தர விடுமுறை போக மாதத்தில் வேலை நாள் 26 என்பது சம்பள உலகத்தில் பழகிய எண், பழைய பணிக்கொடைச் சட்டத்திலேயே மாதச் சம்பளக்காரருக்கு 15ஆல் பெருக்கி 26ஆல் வகுக்கச் சொல்லியிருந்தது. லீவு பிடிக்கும்போது 30ஆல் வகுக்கிறோமே, அதனால் ஓவர்டைமுக்கும் 30 என்பது எச்ஆர் பக்கத்து வாதம். ஓவர்டைமுக்கு இந்த எண்ணால்தான் வகுக்க வேண்டும் என்று கடைகள் சட்டத்தில் ஒரு வரி கிடையாது, எனவே 26ஐ ஒரு நியாயமான வாதமாக வையுங்கள், சண்டையாக வைக்காதீர்கள் என்றார்.

அப்புறம் வேஜ் கோட். 2019இல் நிறைவேறிய ஊதியச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் மற்ற மூன்று தொழிலாளர் சட்டத்தொகுப்புகளோடு அமலுக்கு வந்தது. அதிலும் ஓவர்டைம் இரட்டிப்புக்குக் குறையக் கூடாது என்றுதான் இருக்கிறது. ஆனால் அங்கே 'ஊதியம்' என்பதற்கு வரையறை வேறு. எச்ஆர்ஏ, போக்குவரத்துப்படி போன்றவை வெளியே நிற்கும், ஆனால் அப்படி வெளியே நிற்கிறவை மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்துக்குள் திரும்ப வந்துவிடும். பேசிக்கைத் துளியூண்டு வைத்துவிட்டு மிச்சத்தையெல்லாம் அலவன்ஸாகப் பிரிக்கிற பழைய வித்தைக்கு இந்த விதியால் முட்டுக்கட்டை. நம் உதாரணத்தில் எச்ஆர்ஏ 8,320 மட்டும் வெளியே போனால் மிச்சம் 33,280. 208ஆல் வகுத்தால் 160, இரட்டிப்பு 320. எச்ஆர்ஏ மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் என்பதால் பாதி வரம்பு இங்கே குறுக்கே வராது. 400 கேளுங்கள், 320க்குக் கீழே இறங்காதீர்கள் என்பது அவர் கொடுத்த வழி. மாநிலத்தின் கடைகள் சட்டத்தைத் தொகுப்புகள் ரத்து செய்யவில்லை, அவை ரத்து செய்தது 29 மத்தியச் சட்டங்களை, எனவே 400க்கான வாதம் உயிரோடு இருக்கிறது என்று சொன்னார்.

இந்தத் தொகுப்பால் வந்த இன்னொரு நன்மையை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முன்பு ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தில் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குகிறவர்கள்தான் போக முடியும், அதுவும் 12 மாதத்துக்குள். இப்போது அந்தச் சம்பள வரம்பு இல்லை, கோரிக்கை வைக்க 3 ஆண்டு இருக்கிறது, கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளி பக்கம். வேலையை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்குக் கடைசிக் கணக்கை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது, நாற்பத்தைந்து நாள் இழுத்தடிக்கிற கம்பெனிகளில் இருந்து வெளியேறுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓசூர், கோலார் பக்கம் வேறு வேலை கிடைத்துப் போகிறவர்கள் பழைய ஓவர்டைமை அப்படியே விட்டுவிடுவது வழக்கம், விட வேண்டியதில்லை.

மூன்று மாதத்துக்கு 50 மணிக்கு மேல் ஓவர்டைம் வாங்கக் கூடாது, ஓவர்டைமோடு சேர்த்து நாளுக்கு 10 மணியைத் தாண்டக் கூடாது என்று கர்நாடகச் சட்டம் சொல்கிறது. என் காலாண்டில் 84 மணி வந்தது. 50க்கு மேல் சட்டமே அனுமதிக்கவில்லை, எனவே 50க்கு மேல் தர மாட்டோம் என்று சில கம்பெனிகள் சொல்வதுண்டு. அதற்கு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அம்பதுக்கு மேல வேலை வாங்காதேன்னுதான் சட்டம் சொல்லுது தம்பி. வாங்கிட்டுக் காசு கொடுக்காதேன்னு எங்க சொல்லுது?" இதைக் கேட்டபோது எனக்குள் இருந்த பயம் பாதி போய்விட்டது. எண்களாகப் பார்த்தால், எச்ஆர் கணக்கில் ஒற்றை விகிதத்தில் 50 மணிக்கு 4,333 ரூபாய் சொச்சம். 84 மணிக்கு 320 வீதம் 26,880. 400 வீதம் 33,600.

2025 ஜூனில் நாளுக்கான 9 மணியை 10 ஆகவும், ஓவர்டைமோடு சேர்த்த 10ஐ 12 ஆகவும், காலாண்டுக்கான 50ஐ 144 ஆகவும் உயர்த்தலாம் என்று மாநில அரசு ஒரு யோசனையை முன்வைத்தது, ஐடி ஊழியர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. அது ஏற்கெனவே சட்டமாகிவிட்டதாக நினைத்துக்கொண்டு பலர் வருகிறார்களாம். ஐடி நிறுவனங்களுக்கு விலக்கு இருக்கிறதே என்பதும் அடிக்கடி வருகிற கேள்வி. அந்த விலக்கு, கம்பெனி தன் பணி விதிகளை எழுதி வைக்கச் சொன்ன நிலையாணைச் சட்டத்தில் இருந்து தரப்பட்டது, வேலை நேரத்துக்கும் ஓவர்டைமுக்கும் இல்லை. இந்த யோசனையைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது: ஏற்கெனவே கொடுக்க வேண்டிய இரட்டிப்பை ஒழுங்காகக் கொடுக்க வைக்காமல் மணியை மட்டும் நீட்டுவது பெரிய அநியாயம்.

சாட்சிக்கு என்ன என்று கேட்டபோது நான் ஸ்வைப் பதிவை மட்டும் காட்டினேன். அவர் ஆபீஸ் கேப் பற்றிக் கேட்டார். ராத்திரி வீட்டுக்கு இறக்கிவிடுகிற வண்டிக்கு வரும் மெசேஜ்கள் என் போனில் அப்படியே இருந்தன, வண்டி எண், ஏறிய நேரம், இறங்கிய நேரம் எல்லாம் கம்பெனியின் சொந்த ஏற்பாட்டில் பதிவானவை. ஸ்வைப் பதிவை 'நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள்' என்று தள்ளலாம், அதே நேரத்துக்கு மேலதிகாரி அனுப்பிய 'இன்று முடித்துவிட்டுப் போங்கள்' என்ற மெசேஜும் கேப் பதிவும் சேர்ந்தால் தள்ள முடியாது. மூன்றையும் தேதி வாரியாக ஒரே வரியில் வருகிற மாதிரி அட்டவணை போட்டுக் கொடுத்தார். அந்தத் தாள்தான் இந்தச் சேவையின் உயிர். நான்கு பக்கம், ஒவ்வொரு தேதிக்கும் உள்ளே, வெளியே, இடைவேளை, மேலதிக மணி, எதிரே ஆதாரம். எந்தக் கணக்காளரும் குறை சொல்ல முடியாத வேலை, நானே கணக்குப் பிரிவில் இருந்துகொண்டு சொல்கிறேன்.

கடிதம் ஒன்றும் எழுதிக் கொடுத்தார். வக்கீல் நோட்டீஸ் மாதிரி மிரட்டல் இல்லை. என் வேலை இன்னது, எனக்கு லீவு தரும் அதிகாரமோ நியமன அதிகாரமோ இல்லை, இணைப்பில் மணிக்கணக்கு இருக்கிறது, இந்தப் பிரிவுகளின்படி தொகை இவ்வளவு, பரிசீலித்துப் பதில் தரவும். எச்ஆரில் முதலில் பழைய இரண்டு வரிப் பதில்தான் வந்தது. அதற்கு என்ன பதில் போட வேண்டும் என்பதையும் அவர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார், அதே மரியாதையான தொனியில், 'நிர்வாகப் பதவி என்பதற்கு என் பொறுப்புகளில் எது அடிப்படை என்று எழுத்தில் தெரிவிக்கவும்' என்று ஒரே ஒரு கேள்வி. அதற்கு அவர்களால் எழுத்தில் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் எச்ஆர்ஏவைச் சேர்க்காமல், 208ஆல் வகுத்து, 84 மணிக்கும் இரட்டிப்பு கொடுத்தார்கள். பேஸ்லிப்பில் தனி வரியாகவே வந்தது. எச்ஆர்ஏ பங்குக்கான கோரிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு மெயில் போட்டு வைத்திருக்கிறேன், அதுவும் அவர் சொன்னதுதான். கூடவே ஒரு சின்ன விஷயம்: ஓவர்டைம் தொகைக்கு பிஎஃப் பிடிக்க மாட்டார்கள், வருமான வரி உண்டு. இஎஸ்ஐயில் இருப்பவர்களுக்குப் பழைய சட்டத்தில் சந்தா கணக்கில் ஓவர்டைம் சேர்ந்தது, ஆனால் 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டினார்களா என்று பார்க்கும்போது சேரவில்லை.

காம்ப் ஆஃப், அதாவது கூடுதல் வேலைக்கு ஈடாக லீவு, கொடுத்துவிட்டோம் என்று சொல்கிற கம்பெனியில் இருப்பவர்களுக்கும் அவரிடம் பதில் உண்டு. மேலதிக மணிக்கு இரட்டிப்பு ஊதியம் என்றுதான் பிரிவில் இருக்கிறது, அதற்குப் பதிலாக ஒற்றைக்கு ஒற்றை லீவு என்று இல்லை. வாராந்தர விடுமுறை நாளில் வேலைக்கு வந்ததற்கு மாற்று விடுமுறை கொடுப்பது தனிக் கதை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள், பீன்யா, பொம்மசந்திரா பக்கம் இருந்து வருகிறவர்களுக்கு வேறு கணக்கு. அங்கே நெடுங்காலமாக 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், அதிலும் 9, 48, இரட்டிப்பு என்றே பழகியிருக்கிறது, மேற்பார்வைப் பதவிகளுக்கு விலக்கு, இப்போது புதிய தொகுப்பு. அவருக்கு ஊறிப்போன துறை அதுதான் என்பதால் நன்றாகவே சொல்வார் என்று காத்திருந்தவர்கள் பேச்சில் தெரிந்தது. நான் அலுவலகப் பக்கத்தை மட்டும் அனுபவித்தேன்.

இனி அந்த அரை நட்சத்திரம். போன் எடுக்க மாட்டார், எடுத்தாலும் நேரில் வாங்க என்பார். வாட்ஸ்அப்பில் பேஸ்லிப்பை அனுப்பிவிட்டுப் பதில் எதிர்பார்க்கிறவர்கள் வேறு ஆளைப் பார்க்கலாம். ஒயிட்ஃபீல்டில் இருந்தும் எலக்ட்ரானிக் சிட்டியில் இருந்தும் சனிக்கிழமை அல்சூருக்கு வருவது எவ்வளவு பெரிய வேலை என்பது பெங்களூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வந்த பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருக்கவும் வேண்டும். படி குறுகல், முட்டி வலி உள்ளவர்களுக்குச் சிரமம். டோக்கன் கொடுக்கிற அக்கா, அவர் மனைவிதான், எல்லோரையும் விசாரித்து உள்ளே அனுப்புவார், சண்டை போடாமல் வரிசை நகர்வது அவரால்தான். இன்னொரு குறை, ஆலோசகர் வழக்குக்கு வர மாட்டார். லேபர் ஆபீஸ் வரை கடிதமும் கணக்கும் தயார் செய்து கொடுப்பார், அதற்கு மேல் வக்கீலிடம்தான் போக வேண்டும். இதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுகிறார்.

கட்டணம் முதல் பேச்சுக்கு 500, கணக்குத் தாளுக்கு 1,500, கடிதத்துக்கு 1,000. ரசீது உண்டு, யுபிஐ உண்டு. கிடைக்கிற தொகையில் இத்தனை சதவீதம் எனக்கு என்று கேட்கிற இடைத்தரகர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், இவர் அப்படி இல்லை. எனக்கு இது மலிவு.

போகிறவர்கள் ஆஃபர் லெட்டர், கடைசி மூன்று மாத பேஸ்லிப், ஸ்வைப் அல்லது லாகின் பதிவு, கேப் மெசேஜ்கள், மேலதிகாரி ராத்திரி அனுப்பிய மெயில்கள், இவ்வளவையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். போனில் காட்டினால் பிரிண்ட் எடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்புவார், கீழேயே ஜெராக்ஸ் கடை இருக்கிறது ஆனால் சனிக்கிழமை அங்கேயும் கூட்டம். வேலையை விடப்போகிறவர்கள் கம்பெனி மெயில் மூடப்படுவதற்கு முன்னால் உங்கள் வேலை நேரப் பதிவை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாடிக்கையாளர் விவரங்கள் எதையும் தொடாதீர்கள், அது வேறு வம்பில் கொண்டுபோய் விடும் என்று அவர் எல்லோரிடமும் சொல்கிறார். விஷயம் முற்றி, பன்னேருகட்டா ரோட்டில் டெய்ரி சர்க்கிள் பக்கம் இருக்கிற தொழிலாளர் துறை அலுவலகமான கார்மிக பவனுக்குப் போக வேண்டி வந்தால், மனுவைக் கன்னடத்தில் எழுதிக் கொடுக்க அந்த அக்கா இருக்கிறார், அதற்குத் தனியாக 300 ரூபாய்.